உருக்கும் உரிச்சொல்லும்

நாவல் எழுதுகிறவனுக்குச் சைக்கிளில் என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நான் இங்கே எழுத உத்தேசிப்பது சைக்கிளைப் பற்றி மட்டும் அல்ல. சைக்கிளைப் பற்றி எழுதப்படும் விமர்சனத்தைப் பற்றியும்தான். ஒரு பொருளை நேசிக்கிறவர்கள் அதைப் புகழ எடுத்துக்கொள்ளும் சொற்கள் அந்தப் பொருளோடு ஒட்டுகின்றனவா, ஒட்டாவிட்டால் நஷ்டம் யாருக்கு என்கிற கேள்வி, கவிதைக்கும் நாவலுக்கும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு சைக்கிளுக்கும் முக்கியம். சைக்கிள் விஷயத்தில் அது கொஞ்சம் சுலபமாகவும் தீர்ந்துவிடுகிறது. நாவலை அளக்க நம்மிடம் கோல் இல்லை. சைக்கிளை அளக்க இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில், என் சகோதரியின் மகன் வீட்டில், ஒரு மாத காலம் தங்கியிருந்தேன். உருக்குக்குப் பேர்போன ஊர். ஊரின் மேற்கு எல்லையைத் தாண்டினால் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப் பிரதேசம் ஆரம்பித்துவிடுகிறது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். கரடுமுரடான மணற்பாறை, பழைய கல் பாவிய வண்டிப் பாதைகள், சேறு, ஓயாத மழை. அந்தப் பாதைகளில் ஓட்டுவதற்கென்றே என் மருமான் ஒரு சைக்கிள் வாங்கியிருந்தான்.

அந்த ஜாதிச் சைக்கிளுக்கு ஹார்ட் டெயில் என்று பெயர். விறைத்த வால் என்று வைத்துக்கொள்ளலாம். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் உண்டு. பின்னால் ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த வண்டிகள் கடை நிறைய இருக்கும் இந்தக் காலத்தில், பின்பக்கம் விறைப்பான வண்டியை வேண்டுமென்றே வாங்குகிறவர்கள் உண்டு. அதிலும் அலுமினியத்தையும் கார்பனையும் ஒதுக்கிவிட்டு, உருக்குக் குழாயில் செய்ததைத் தேடி வாங்குகிறவர்கள் ஒரு தனிக் கூட்டம். அவர்களை வாடிக்கைக்காரர்கள் என்று சொல்வது போதாது. ரசிகர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ரசிகர்கள் இருக்கும் இடத்தில் விமர்சகர்களும் வந்துவிடுகிறார்கள்.

என் மருமான் சேர்த்து வைத்திருந்த சைக்கிள் பத்திரிகைகளை, மழைக்குப் பயந்து வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் ஒவ்வொன்றாகப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. நம் ஊர் மதிப்புரைகள் போலவே இருந்தன! உருக்கு வண்டி என்றால் அது உயிருள்ளது. அலுமினியம் என்றால் ஜீவனற்றது. உருக்கின் பின்பாகம் பாறையின் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு இதமாக வளைந்து கொடுக்கிறது. அலுமினியம் முதுகெலும்பில் சம்மட்டி அடிக்கிறது. ஆளுக்கு ஆள் வார்த்தை மாறினாலும் சாரம் இதுதான். உருக்கே உண்மை என்ற பொருளில் ஒரு கோஷமே அவர்களிடையே வழங்குகிறது.

என் மருமானுக்கு வயது நாற்பத்திரண்டு. கணக்கு உத்தியோகம். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்ட மனிதன். இந்த மதிப்புரைகளை நம்பித்தான், மூன்று மாதச் சேமிப்பைப் போட்டு, மெல்லிய குழாய்களும் அழகான பச்சை வர்ணமும் கொண்ட அந்த உருக்கு வண்டியை வாங்கினான். வாங்கிய பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு நாள் முதுகு வலி. ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் சொன்னான்:

"வண்டி நல்ல வண்டிதான் மாமா. எல்லாரும் எழுதியிருக்கா. எனக்குத்தான் அதை உணரத் தெரியலை போலிருக்கு. வித்துடலாமான்னு பார்க்கிறேன்."

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எத்தனை வாசகர்களிடம் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன்! பெரியவர்கள் புகழ்ந்த நாவலைப் படித்துவிட்டு, அதில் தனக்கு ஒன்றும் கிடைக்காதபோது, நாவலைச் சந்தேகிக்காமல், விமர்சகரைச் சந்தேகிக்காமல், தன்னையே சந்தேகித்துக்கொள்ளும் வாசகன். பொய்ப் புகழ்ச்சியால் ஏற்படும் பெரிய நஷ்டம் பணநஷ்டம் அல்ல. தன் உடம்பும் தன் மனசும் சொல்வதை நம்பக் கூடாது என்று ஒருவனுக்குப் பாடம் கற்பித்துவிடுகிறது, அதுதான் நஷ்டம்.

இருக்கட்டும். அந்தப் புகழ்ச்சி பொய்தானா என்று முதலில் பார்க்க வேண்டுமல்லவா?

சைக்கிள் பிரேமின் பின்பாதியை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். ஸீட்டின் கீழே நிற்கும் குழாய் ஒன்று. அதன் அடியில், பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்கள் இரண்டு. மேலே, ஸீட்டுக்கு அடியிலிருந்து சாய்ந்து இறங்கிச் சக்கர அச்சில் சேரும் மேல் குழாய்கள் இரண்டு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு முக்கோணம். ரயில் பாலங்களை ஏன் முக்கோணம் முக்கோணமாகக் கட்டுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். முக்கோணத்தின் ஒரு மூலையை அழுத்தினால் அதன் பக்கங்கள் வளைவதில்லை; ஒன்று இழுபடுகிறது, மற்றொன்று அமுங்குகிறது. கைத்தடியை முழங்காலில் வைத்து வளைத்தால் வளையும். அதையே தரையில் ஊன்றி மேலிருந்து அழுத்திப் பாருங்கள். ஒரு ஆளின் எடையைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். பின் சக்கரம் கல்லில் மோதும்போது மேல் குழாய்கள் இரண்டும் இப்படி ஊன்றிய கைத்தடிகள்தான். அந்தத் திசையில் பிரேம் கொடுக்கும் இடம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உருக்கானாலும் சரி, அலுமினியமானாலும் சரி.

அதே கல்லில் டயர் என்ன செய்கிறது? காற்று குறைவாக இருந்தால் ரிம் போய்க் கல்லில் இடிக்கும் வரையில் நசுங்குகிறது. ரிம் நெளிந்து போன கதை மலைச் சைக்கிள்காரர் ஒவ்வொருவரிடமும் ஒன்று உண்டு. இரண்டரை அங்குல டயரில் அது எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு ஸ்பிரிங்குகளில் எது மெதுவானதோ அதுதான் பெரும்பாலான அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. இலவம்பஞ்சு மெத்தையின் கீழே தேக்குக் கட்டிலா, மாமரக் கட்டிலா என்று முதுகால் கண்டுபிடிக்க முடியுமா?

இன்னும் ஒரு வேடிக்கை. உருக்கு, டைட்டானியம், அலுமினியம் மூன்றையும் உலோகம் என்ற அளவில் ஒப்பிட்டால், மூன்றிலும் அதிக விறைப்பானது உருக்குத்தான்! இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதை அளந்து பொறியியல்காரர்கள் ஓர் எண் கொடுக்கிறார்கள். உருக்குக்குச் சுமார் 200 ஜிகாபாஸ்கல்; டைட்டானியத்துக்குச் சுமார் 110; அலுமினியத்துக்குச் சுமார் 70. அதாவது ஒரே அளவுக் குழாயாக இருந்தால் உருக்கு, அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விறைப்பு. இதமாக வளைந்து கொடுப்பதாகப் புகழப்படுகிறது உருக்கு. சம்மட்டி என்று திட்டு வாங்குகிறது அலுமினியம்.

விலை உயர்ந்த உருக்கு வேறு மாதிரி அல்லவா என்று கேட்பீர்கள். வேறு மாதிரிதான், ஆனால் இந்த விஷயத்தில் அல்ல. பர்மிங்ஹாமில் ரெய்னால்ட்ஸ் கம்பெனி 1935இல் 531 என்ற மாங்கனீஸ் மாலிப்டினம் உருக்குக் குழாயைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் அதே கம்பெனி 853 என்று ஒன்று செய்தது. அதன் பலம் சாதாரண உருக்கைப்போல மூன்று மடங்கு. ஆனால் விறைப்பு எண் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. பலம் வேறு, விறைப்பு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பொய்கள் பிறக்கின்றன. பலம் அதிகமானால் குழாயின் சுவரை மெல்லியதாக இழுக்கலாம். ஓரங்களில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 மில்லிமீட்டர் என்றுகூட இழுக்கிறார்கள். அதனால் வண்டி எடை குறைகிறது. கொஞ்சம் வளைவும் கூடுகிறது. ஆனால் அந்த வளைவு உலோகத்தின் குணத்தால் வருவதல்ல, குழாயின் வடிவத்தால் வருவது.

அலுமினியத்துக்குக் கெட்ட பெயர் வந்த கதையும் இதேதான். 1979இல் பிரான்ஸில் வைட்டஸ் 979 என்ற அலுமினியச் சைக்கிள் வந்தது. உருக்குக் குழாயைப் போலவே ஒல்லியான குழாய்கள், பசை வைத்து ஒட்டியது. ஷான் கெல்லி என்ற அயர்லாந்துக்காரர் 1980களில் அதில் பல பெரிய பந்தயங்களை ஜெயித்தார். அந்த வண்டியைப் பற்றி அந்தக் காலத்தில் எழுந்த புகார் என்ன தெரியுமா? மிகவும் துவள்கிறது என்பது. அதே சமயத்தில் அமெரிக்காவில் கேரி கிளைனும், பிறகு கானண்டேல் கம்பெனியும் அலுமினியத்தைத் தடித்த குழாயாக்கி வண்டி செய்தார்கள். குழாயின் சுவர் கனம் மாறாமல் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவுக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்காகிவிடும். அலுமினியம் திரும்பத் திரும்ப வளைந்தால் சீக்கிரம் களைத்து வெடித்துவிடும் சுபாவமுள்ளது. ஆகவே அதை வளையவிடாமல் தடிக்கச் செய்வது புத்திசாலித்தனமும்கூட. உடனே அலுமினியம் என்றாலே சம்மட்டி என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒரே உலோகம், ஒரே தலைமுறையில், துவளும் என்றும் இடிக்கும் என்றும் பெயர் வாங்கிற்று. பழி உலோகத்துக்கு, காரணம் குழாயின் விட்டம்.

இதை யாராவது பரீட்சை செய்து பார்த்தார்களா என்றால், செய்திருக்கிறார்கள். 1996இல் பைசிகிள் கைடு என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஆலன் கோட்டே என்பவர் ஒரு பரிசோதனையை எழுதினார். இத்தாலியில் அன்டோனியோ மொண்டோனிகோ என்ற கைதேர்ந்த கட்டுநர், ஒரே அளவில், ஒரே வடிவத்தில், ஒரே வர்ணத்தில் ஏழு பிரேம்கள் செய்து கொடுத்தார். வித்தியாசம் குழாயில் மட்டும். கொலம்பஸ் கம்பெனியின் மலிவான உருக்கிலிருந்து அதிக விலை உருக்கு வரை ஏழு தினுசு. எது எது என்று தெரியாமல் ஓட்டிப் பார்த்ததில் தினுசுகளைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது சாலைச் சைக்கிள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒல்லி டயரில் தெரியாத வித்தியாசம், அதைவிட இரண்டு மடங்கு தடித்த டயரில் தெரியவா போகிறது?

எழுதியவன் பெயரைக் கிழித்துவிட்டுக் கதையைக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று நம் விமர்சகர்களிடையே பரீட்சித்துப் பார்க்க எனக்கு வெகு நாளாக ஆசை. எனக்கே ஓர் அனுபவம் உண்டு. என் இரண்டாவது நாவலைப் படித்த ஒரு வாசகர், முதல் நாவலைவிட நடை மிகவும் சரளமாகிவிட்டதென்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். இரண்டையும் நான் எழுதியது ஒரே வருஷத்தில். பிரசுரமானதுதான் முன்னே பின்னே. மாறியிருந்தது அச்செழுத்தின் பருமனும் வரிகளுக்கிடையே விட்ட இடமும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு உண்மையாகவே சுகம் ஏற்பட்டிருக்கிறது. அந்தச் சுகத்துக்குப் பெயர் வைக்கும்போது, பிரஸ்காரருக்குச் சேர வேண்டியதை எனக்குக் கொடுத்துவிட்டார். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

உருக்கு ரசிகர்களும் இந்த வாசகரைப் போலத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் உணர்வது மெய். வைக்கும் பெயர் பிசகு.

என்ன உணர்கிறார்கள்? முதலாவது, பிரேம் மேலும் கீழும் வளையாதே தவிர, பக்கவாட்டில் வளையும், முறுக்கிக்கொள்ளும். அந்தத் திசையில் முக்கோணத்தின் காவல் இல்லை. ஒல்லியான உருக்குக் குழாய், திருப்பத்தில் சாயும்போதும் பெடலை ஊன்றி மிதிக்கும்போதும், கொஞ்சம் விலகிப் பிறகு திரும்பி வருகிறது. அந்தத் திரும்பி வருதலில் ஒரு துள்ளல் இருக்கிறது. அதைத்தான் உயிர் என்கிறார்கள். அப்படிச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதையே பாறையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் குணம் என்று மாற்றி எழுதும்போதுதான் ஆட்சேபம் எழுகிறது.

இரண்டாவது, ஸீட்டைத் தாங்கும் தண்டு. பழைய உருக்குச் சைக்கிள்களில் அதன் விட்டம் பெரும்பாலும் 27.2 மில்லிமீட்டர்; சாய்ந்து, நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவனின் எடையில் அது நன்றாகவே வளைந்து கொடுக்கும். பிரேமைவிடப் பல மடங்கு. புகழ் பிரேமுக்குப் போயிற்று. இன்றைய மலைச் சைக்கிள்களில் ஒரு விசையைத் தட்டினால் ஸீட் கீழே இறங்கும்படியான தண்டு வைக்கிறார்கள். அதற்கு 30.9, 31.6 என்று தடித்த குழாய் வேண்டியிருக்கிறது. அந்த வளைவு போயே போய்விட்டது. தவிர, கரடான இறக்கத்தில் யாரும் ஸீட்டில் உட்காருவதில்லை. பெடலில் நின்றுகொண்டு இறங்குகிறார்கள். அப்போது அதிர்ச்சி நேராகக் காலுக்கு வருகிறது. ஸீட்டும் தண்டும் எதுவாக இருந்தால் என்ன? அங்கே இருப்பவை டயர், முழங்கால், கணுக்கால் மூன்றுதான்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அதை விளங்கிக்கொள்ள இந்தச் சைக்கிள் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். கலிபோர்னியாவில் மாரின் கௌண்டி என்ற பகுதியில், 1976இல், சில இளைஞர்கள் ஒரு மலைப் பாதையில் கீழ்நோக்கிச் சைக்கிள் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் சூடேறி, அதிலிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு தடவையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபாக் என்று பெயர். அவர்கள் ஓட்டியது புது வண்டி அல்ல. யுத்தத்துக்கு முற்பட்ட ஷ்வின் கம்பெனியின் கனத்த, மலிவான உருக்கு வண்டிகள். அவற்றை ஏன் பொறுக்கி எடுத்தார்கள்? பிரேம் உடையாது என்பது ஒன்று. 1933இல் ஷ்வின் கொண்டுவந்த பலூன் டயர், இரண்டு அங்குலத்துக்கு மேல் பருத்தது, அதில் பொருந்தும் என்பது மற்றொன்று. 1977இல் ஜோ ப்ரீஸ் என்ற இளைஞர், அந்த டயர் போடுவதற்கென்றே நல்ல குரோமியம் மாலிப்டினம் உருக்கில் புதிய பிரேம் கட்டினார். முதல் நாளிலிருந்தே சுகத்துக்குப் பொறுப்பு டயர். உருக்குக்குப் பொறுப்பு உடையாமல் இருப்பது. முன்னோடிகள் இதைத் தெளிவாகவே அறிந்திருந்தார்கள். உரிச்சொற்கள் பிறகு வந்தவை.

இந்த இடத்தில் என் தகப்பனாரின் ஹெர்குலிஸ் சைக்கிள் ஞாபகம் வருகிறது. 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை, சென்னை அம்பத்தூரில் செய்த வண்டி. மேலே சொன்ன ரெய்னால்ட்ஸ் கம்பெனியும் அந்தக் காலத்தில் அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மாட்டு வண்டித் தடத்தில் அதில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். தகப்பனார் அந்த வண்டியைப் பற்றி, அசல் இரும்பு, அதனால்தான் தூக்கிப் போடவில்லை என்பார். ஸீட்டின் கீழ் இருந்த இரண்டு சுருள் ஸ்பிரிங்குகளை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஸ்பிரிங் இல்லாத காரியரில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அசல் இரும்பின் இதம் நன்றாகத் தெரியும்!

பிரேமே வளைய வேண்டும் என்று மெய்யாகவே விரும்பினவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கொலராடோவில் மூட்ஸ் என்ற கம்பெனி, மேல் குழாய்களை ஸீட் குழாயோடு சேரும் இடத்தில் துண்டித்து, நடுவே ஒரு சிறு ஸ்பிரிங்கை வைத்தது. கீழ்க் குழாய்கள் தாங்களே வளைந்து கொடுத்தன. சக்கரம் சுமார் ஓர் அங்குலம் மேலே வந்து போயிற்று. அந்த வண்டிக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. இதிலிருந்து தெரிவது என்ன? ஓர் அங்குலம் வேண்டுமானால் முக்கோணத்தை உடைத்தாக வேண்டும். உடைக்காத முக்கோணம் எந்த உலோகமானாலும் அடம் பிடிக்கும். மேல் குழாய்களைப் பாம்பு போல நெளித்துவிட்டு, இதோ இதம் என்று காட்டுகிறவர்களும் உண்டு. நெளிந்த குழாய் நேரான குழாயைவிடச் சிறிது அதிகம் கொடுக்கத்தான் செய்யும். ஆனால் டயருக்கு முன்னால் அது சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம்.

ஒரு எதிர்வாதம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1990களின் உருக்கு ஹார்ட் டெயில்கள் இன்று வருபவற்றைவிட மெல்லியவை, அவை சற்று அதிகமாகவே கொடுத்தன என்று பழைய ரசிகர்கள் சொல்கிறார்கள். சொல்வது சரி. 2005இல் ஐரோப்பாவில் மலைச் சைக்கிளுக்கென்று ஒரு தரவிதி வந்தது. 2014இல் அதன் இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேச விதி வந்தது. பெடலில் 1,200 நியூட்டன் விசையை, அதாவது சுமார் 120 கிலோ பாரத்தை, ஒரு லட்சம் தடவை ஏற்றி இறக்கினாலும் பிரேம் வெடிக்கக் கூடாது. இது பல பரீட்சைகளில் ஒன்று. இடது பக்கத்துப் பின் குழாயில் டிஸ்க் பிரேக்கின் முறுக்கு வேறு வந்து சேர்ந்தது. முன் ஃபோர்க்குகள் நீண்டுவிட்டன. எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்கக் குழாய்கள் தடித்தன. தடிக்க வேண்டியதுதான், மலை இறக்கத்தில் பிரேம் ஒடிந்தால் போவது கழுத்து. செய்கிறவர்கள் நியாயமாகவே செய்தார்கள். மாறாமல் இருந்தவை விமர்சகர்களின் உரிச்சொற்கள்தாம். மெல்லிய வண்டிக்குச் சொன்ன புகழை, தடித்த வண்டிக்கும் அப்படியே வாரிசுச் சொத்தாக எழுதி வைத்துவிட்டார்கள். தகப்பனுக்குக் கொடுத்த பட்டத்தைப் பிள்ளை போட்டுக்கொள்வது போல.

இவ்வளவையும் மருமானிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. படித்த பத்திரிகைகளின் பலம் அப்படி. ஆகவே ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் அங்கே இருந்த நான்கு வாரங்களிலும், சனி, ஞாயிறு காலைகளில் அவன் வண்டிக்கு நான்தான் காற்று அடிப்பேன். எவ்வளவு அடித்தேன் என்று சொல்ல மாட்டேன். அவன் டயரை விரலால் அழுத்திப் பார்க்கக் கூடாது. ஸ்டானேஜ் பாறை விளிம்பை ஒட்டிய ஒரே பாதையில் போய்விட்டு வந்து, வண்டி எப்படி இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும்.

அதற்கு முன் அவன் வழக்கமாக அடித்து வந்தது, சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு. காற்று கல்லுப் போல இருந்தால்தான் வண்டி ஓடும் என்பது நம் ஊர்ச் சைக்கிள் கடையில் அவன் கற்ற பாடம். டியூப் போட்ட ஒல்லி டயருக்கு அந்தப் பாடம் சரி. அவன் வண்டியில் டியூபே கிடையாது, டயரும் அகலம். எட்டு நாட்களில் நான்கு நாள் 40 பவுண்டும் நான்கு நாள் 24 பவுண்டும், முறை வைக்காமல் மாற்றி மாற்றி அடித்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டுச் சீட்டுகளையும் என் நோட்டுக் குறிப்போடு மேஜையில் பரப்பினோம். 24 பவுண்டு அடித்த நாட்களில் மூன்றில், இன்று உருக்கின் குணம் தெரிந்தது என்று ஏதாவது ஒரு விதத்தில் எழுதியிருந்தான். 40 பவுண்டு நாட்களில், முதுகு, தூக்கம் சரியில்லை, வயதாகிவிட்டது என்று காரணங்கள். ஒரு சீட்டு மட்டும் எதிலும் சேரவில்லை. அன்று மழை, பாதியில் திரும்பிவிட்டான். விஞ்ஞானிகள் இதைப் பரிசோதனை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டயர் மென்மையாக இருப்பது எப்படியும் உடம்புக்குத் தெரியத்தானே செய்யும் என்பார்கள். அதுதான் நான் சொல்வதும். உடம்புக்குச் சரியாகத் தெரிந்தது. பேனாதான் தப்பாக எழுதிற்று.

அவன் சீட்டுகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ நான் உணர்ந்தது தப்பில்லையே மாமா?" என்றான். "தப்பில்லைடா. உன் முதுகு முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கு. நீதான் பத்திரிகையைக் கேட்டே" என்றேன்.

வண்டியை அவன் விற்கவில்லை. உருக்கை நான் குறை சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குச் சொந்தமான பெருமைகள் நிறைய இருக்கின்றன. நன்றாகச் செய்த உருக்குப் பிரேம், அளவுக்குட்பட்ட அதிர்ச்சியை எத்தனை தடவை வேண்டுமானாலும் களைக்காமல் தாங்கும். உடைவதாக இருந்தாலும் பெரும்பாலும் வெடிப்புக் காட்டி, முனகி, எச்சரித்துவிட்டுத்தான் உடையும். ஒரு தனி மனிதன், ஒரு சிறு பட்டறையில், ஒரு தீக்குழாயை வைத்துக்கொண்டு அதைக் கட்டிவிடலாம். நெளிந்தால் நிமிர்த்தலாம், ஒடிந்தால் பற்றவைக்கலாம். ஒல்லிக் குழாய்களின் அழகு கண்ணுக்குத் தெரிகிறது. திருப்பத்தில் அந்தத் துள்ளல் இருக்கிறது. இவ்வளவு இருக்கும்போது, இல்லாத ஒன்றை எதற்காகப் புகழ வேண்டும்? இல்லாததைப் புகழ்ந்தால் இருப்பது கண்ணில் படாமல் போகிறது. நல்ல நாவலாசிரியன் ஒருவனைக் கவிஞன் என்று புகழ்ந்து, அவன் நாவலை யாரும் படிக்காமல் செய்துவிடுவது போலத்தான் இதுவும்.

விமர்சகனிடம் நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை. வண்டியை ஓட்டினேன், சுகமாக இருந்தது என்று எழுதட்டும். ஆனால் அடுத்த வரியில் டயர் எத்தனை அங்குலம், காற்று எத்தனை பவுண்டு, உட்கார்ந்து ஓட்டினேனா, நின்று ஓட்டினேனா என்றும் எழுதட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் மருமான் மூன்று மாதம் தன்னையே சந்தேகித்துக்கொண்டிருக்க மாட்டான். நாவலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். எந்த நாற்காலியில், எந்த மனநிலையில், யார் சொல்லிப் படித்தோம் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிட்டால், வாசகன் மிச்சத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்வான்.

போன மாதம் மருமானிடமிருந்து கடிதம் வந்தது. பின் டயரை இன்னும் கொஞ்சம் அகலமாக மாற்றியிருக்கிறானாம், 22 பவுண்டு. முதுகைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. முதுகு மறந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.